களத்திலிருந்து நீதியாசனத்துக்கு: அலன் பேஜ் கடந்த தூரம்

ஐக்கிய அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கன்டன் என்றொரு நகரம் இருக்கிறது. உருக்காலைகளின் நகரம். அமெரிக்கர்கள் உதைபந்தாட்டம் என்று அழைக்கும் அந்த முரட்டு ஆட்டத்தின் மாபெரும் வீரர்களுக்கான நினைவு மண்டபம் 1963ஆம் ஆண்டில் அங்குதான் திறந்துவைக்கப்பட்டது. அதற்கு அத்திவாரம் இடப்பட்ட நாட்களில், பள்ளி விடுமுறையில் கூலிக்கு வேலைசெய்த இளைஞர்களுள் அலன் பேஜ் என்ற கறுப்பின மாணவனும் ஒருவன். கால் நூற்றாண்டு கழித்து, 1988இல், அதே மண்டபத்துக்குள் அவனுடைய மார்பளவுச் சிலை வைக்கப்பட்டது. இது தற்செயல்தான். ஆயினும் பத்திரிகைக்காரர்கள் விட்டுவிடக்கூடிய தற்செயல் அல்ல. அவரைப் பற்றி எழுதிய அனைவரும் இதிலிருந்தே தொடங்கியிருக்கிறார்கள்; நானும் விதிவிலக்கல்ல.

அந்த 1988ஆம் ஆண்டு வைபவத்தில் நடந்த ஒரு விடயம் என்னை அதிகம் கவர்ந்தது. மண்டபத்தில் சேர்க்கப்படும் வீரரை மேடையில் அறிமுகம் செய்ய ஒருவரை அவரே தெரிவுசெய்யலாம். பழைய பயிற்றுநர், கழக உரிமையாளர், தோழமை வீரர் என்று எவரையாவது அழைப்பதே வழமை. பேஜ் அழைத்தது வில்லரீன் பீஸ்லி என்ற பெண்மணியை. அவர் மினியாபொலிஸ் நகரிலுள்ள ஓர் உயர்நிலைப் பாடசாலையின் அதிபர், கறுப்பினத்தவர். உதைபந்தாட்டத்தின் மிக உயர்ந்த மேடையில் ஒரு பாடசாலை அதிபர் எதற்கு என்று வந்திருந்தவர்கள் வியந்திருக்கக்கூடும். பேஜ் தமது உரையில் ஆட்டத்தைப் பற்றிப் பேசியது சொற்பம். பிள்ளைகள் வாசிக்கக் கற்றுக்கொள்வதைப் பற்றியே அவர் பேசினார்.

அதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள, அவர் ஆடிய ஆட்டத்தையும் அவர் நின்ற இடத்தையும் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

இந்த ஆட்டத்தில் பந்தைக் காலால் உதைப்பது அரிது. றக்பியை அறிந்தவர்களுக்கு ஓரளவு பிடிபடும். பக்கத்துக்குப் பதினொருவர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து யார் தூரமாவது முன்னேற வேண்டும், இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தைப் பெற்று எறிபவர் குவாட்டர்பக். புகழும் பணமும் அவருக்கே. அவருக்கு முன்னால் மலைபோல் ஐவர் நின்று காப்பார்கள். அந்த ஐவரையும் முட்டி மோதிப் பிளந்து சென்று குவாட்டர்பக்கை வீழ்த்துவதே தற்காப்பு வரிசை வீரர்களின் தொழில். பந்து அவர்கள் கைக்கு வருவதே அபூர்வம். கோல் அடிப்பவனைத் தெரியும், அவனை மறிப்பவனை எவருக்குத் தெரியும்?

பேஜ் பிறந்தது 1945 ஓகஸ்ட் 7ஆம் திகதி. கன்டன் நகரக் கறுப்பினக் குடும்பங்களின் ஆண்பிள்ளைகளுக்கு உருக்காலை காத்திருந்த காலம் அது. பாடசாலைகளில் இன ஒதுக்கல் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபோது அவருக்கு எட்டு வயது. சட்டம் என்பது மனிதரின் நிலையை மாற்றக்கூடியது என்ற எண்ணம் தமக்குள் விழுந்தது அப்போதுதான் என்று பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார். தொலைக்காட்சியில் வந்த பெரி மேசன் என்ற கற்பனை வழக்கறிஞருக்கும் அதில் பங்குண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. பாடசாலையில் அவர் முதலில் பிடித்தது பந்தையல்ல, டியூபா என்ற பித்தளை வாத்தியத்தை.

நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு அவர் சென்றது ஆட்டத்திறனால். 1966இல் அப்பல்கலைக்கழகம் தேசிய வாகை சூடிய அணியில் அவர் இருந்தார். கற்றது அரசறிவியல். 1967இல் பட்டம் பெற்ற கையோடு, தொழில்முறைக் கழகங்கள் வீரர்களைத் தெரிவுசெய்யும் முதற் சுற்றிலேயே மினசோட்டா வைக்கிங்ஸ் கழகம் அவரைப் பதினைந்தாவதாக எடுத்துக்கொண்டது.

மினசோட்டா கனடிய எல்லையை ஒட்டிய குளிர்ப் பிரதேசம். வைக்கிங்ஸ் அணியின் மைதானமோ அக்காலத்தில் திறந்தவெளி. பயிற்றுநர் பட் கிரான்ட், மைதான ஓரத்தில் தம் வீரர்கள் குளிர்காய அடுப்பு வைப்பதையும் அனுமதியாதவர். அந்த உறைபனியில் கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கரி லார்சன், அலன் பேஜ் ஆகிய நால்வரும் சேர்ந்து நின்ற வரிசைக்கு, அக்கால வேடிக்கைப் பாடல் ஒன்றைத் தழுவி, ஊதா நிற ஆள்விழுங்கிகள் என்று இரசிகர்கள் பெயரிட்டார்கள். ஊதா, அணிச் சீருடையின் நிறம். (இந்த ஜிம் மார்ஷல்தான் 1964இல் கையில் அகப்பட்ட பந்தோடு திசை தவறி, தம் சொந்த அணியின் எல்லையை நோக்கி அறுபத்தாறு யார் ஓடியவர். 2025இல் காலமானார். அபாரமான வீரர், பாவம், அந்த ஓட்டத்தையே உலகம் நினைவில் வைத்திருந்தது.)

பேஜின் எடை ஏறத்தாழ 245 இறாத்தல். நம் கண்ணுக்கு இராட்சதம். அந்த வரிசைக்கு மெலிவு. அவர் நம்பியது வேகத்தை. பந்து அசைந்த கணத்தில் எதிரே நிற்பவன் நிமிர்வதற்குள் அவனைக் கடந்துவிடுவார். 1971இல் டெட்ரொயிட் அணிக்கெதிரான ஆட்டமொன்றில் நடுவர்கள் அடுத்தடுத்துத் தண்டனை விதிக்கவே, சினம்கொண்ட பேஜ் அதன்பின் எதிரணியை ஒரு யார்கூட நகரவிடாமல் தனியாளாகச் சிதைத்த காட்சி படச்சுருளில் இருக்கிறது, இன்றும் பார்க்கலாம். அதே ஆண்டு அசோசியேற்றட் பிரஸ் செய்தி நிறுவனம் வழங்கும், லீக்கின் மிகப் பெறுமதிமிக்க வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. பந்தெறிபவர்களும் பந்தோடு ஓடுபவர்களுமே பெற்றுவந்த அவ்விருதைத் தற்காப்பு வீரர் ஒருவர் பெற்றது அதுவே முதற்தடவை. அதன்பின் பெற்ற தற்காப்பு வீரர் 1986இல் லோரன்ஸ் டெய்லர் ஒருவரே.

பதினைந்து பருவங்களில் ஓர் ஆட்டத்தையேனும் அவர் தவறவிடவில்லை. பருவத்துக்குப் பதினான்கு ஆட்டங்கள் நடந்த பதினொரு ஆண்டுகள், பின்னர் பதினாறு ஆட்டங்களாக்கப்பட்ட நான்கு ஆண்டுகள். கூட்டிப் பார்த்தால் 218. எலும்பு முறிவதையே தொழிலாகக் கொண்ட ஆட்டத்தில் இது அரிது. குவாட்டர்பக்கை அவர் வீழ்த்திய தடவைகள் 148½ என்று ஆய்வாளர்கள் பழைய ஆட்டப் பதிவுகளிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். அரையென்பது இருவர் சேர்ந்து வீழ்த்தியது. ஆனால் லீக் இந்த எண்ணிக்கையை அதிகாரபூர்வமாகப் பதியத் தொடங்கியது 1982இல். பேஜ் ஆட்டத்தை விட்டது 1981இல். எனவே அவருடைய தொழிலின் பிரதான வேலைக்கு லீக்கின் ஏட்டில் கணக்கில்லை. வைக்கிங்ஸ் அணியும் அவர் காலத்தில் நான்கு தடவைகள் சுப்பர் பௌல் இறுதியாட்டத்துக்குச் சென்று நான்கிலும் தோற்றது.

இத்தனைக்கும் அந்த ஆட்டத்தை அவர் ஒரு வேலையாகவே கருதினார். வேலைக்காரனுக்கு உரிமைகள் உண்டு என்றும் கருதினார். அக்காலத்தில் ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு கழகத்துக்குச் செல்ல விரும்பினால், அவரை எடுக்கும் கழகம் பழைய கழகத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதை லீக்கின் ஆணையாளர் பீட் ரொசெல் தீர்மானிப்பார். என்ன விலை கேட்பார்களோ என்றஞ்சி எவரும் எடுக்கமாட்டார்கள். ஆக, வீரர் பிறந்த வீட்டுக்கே கட்டுப்பட்டவர். சுதந்திரம் இல்லையேல் ஆட்டமும் இல்லை என்ற முழக்கத்தோடு வீரர் சங்கம் 1974இல் வேலைநிறுத்தம் செய்தது. பேஜ் தம் அணியின் சங்கப் பிரதிநிதி, சங்கத்தின் நிறைவேற்றுக் குழு உறுப்பினரும்கூட. ஓகஸ்ட் மாதத்தில் அந்த வேலைநிறுத்தம் பிசுபிசுத்துப் போயிற்று. ஆனால் மைதானத்தில் தோற்றது நீதிமன்றத்தில் வென்றது. ஜோன் மக்கி என்ற வீரரின் பெயரால் நடந்த வழக்கில், ரொசெல் விதி சட்டவிரோதமானது என்று 1975இன் இறுதியில் மினியாபொலிஸ் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தொழிற்சங்கவாதியாக இருந்து சட்டம் படிக்கப் போகும் ஒருவருக்கு இதைவிட நல்ல முதற் பாடம் வேறு இருக்க முடியாது.

இனி அந்த வாசிப்புக் கதைக்கு வருகிறேன். தற்காப்பு வரிசை வீரர்களின் கூட்டமொன்றில், ஆட்டத் திட்டங்கள் எழுதப்பட்ட புத்தகத்தை ஒருவர் மாறி ஒருவராக உரத்து வாசிக்கும்படி பயிற்றுநர் கேட்டாராம். சிலர் தடையின்றி வாசித்தார்கள். சிலர் எழுத்துக்கூட்டித் தடுமாறினார்கள். சிலரால் முடியவே இல்லை. அனைவரும் பாடசாலையை முடித்து, பல்கலைக்கழகங்களில் நான்கு ஆண்டுகள் வரை இருந்து வந்தவர்கள்! பந்து விளையாடும் பையன் என்பதற்காக இரண்டாம் வகுப்பிலிருந்து எத்தனையோ ஆசிரியர்கள் அவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு மேலேற்றியிருக்கிறார்கள். ஆட்டம் இருக்கும்வரை இது எவருக்கும் தெரியாது. முழங்கால் போன மறுநாள் தெரியும். பேஜ் இந்தச் சம்பவத்தை எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். பெயர்களைச் சொன்னதில்லை.

பேஜ் மினசோட்டாப் பல்கலைக்கழகச் சட்டபீடத்தில் சேர்ந்து, ஆடிக்கொண்டே படித்தார். அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. மனைவி டயான் புகைப்பழக்கத்தை விடுவதற்காக ஓடத் தொடங்க, கணவரும் கூட ஓடினார். மனைவி சிறிது காலத்தில் ஓட்டத்தை நிறுத்தினார்; கணவர் நிறுத்தவில்லை. நெடுந்தூரம் ஓடுபவனுக்கு உடம்பில் சதை தங்காது. எடை 220 இறாத்தல் அளவுக்கு இறங்கியது. கழகத்துக்கு இது பிடிக்கவில்லை. 1978இல் அவர் சட்டப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு, பருவத்தின் ஆறு ஆட்டங்கள் முடிந்த நிலையில், வைக்கிங்ஸ் அவரை விலக்கிவிட்டது. லீக்கின் மிகப் பெறுமதிமிக்க வீரர் என்று ஏழாண்டுகளுக்கு முன் கொண்டாடப்பட்டவரைச் சிக்காகோ பெயார்ஸ் கழகம் விதிப்படியான கட்டணமாகிய நூறு டொலருக்குப் பெற்றுக்கொண்டது. நூறு டொலர்!

எடை குறைந்ததால் விலக்கினோம் என்பது கழகத்தின் நியாயம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் சங்கம், படிப்பு, சொன்னதைக் கேள்வியின்றிச் செய்யாத சுபாவம் ஆகியவை எடைக்கு மேல் பாரமாக இருந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். பெயார்ஸ் அணியின் தலைமைப் பயிற்றுநர் நீல் ஆம்ஸ்ட்ரோங்கும் (சந்திரனுக்குப் போனவர் அல்லர்) தற்காப்புப் பயிற்றுநர் படி றயனும் முன்னர் வைக்கிங்ஸில் பணியாற்றியவர்கள், பேஜைத் தெரிந்தவர்கள். மெலிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட மனிதர் சிக்காகோவில் மூன்றரைப் பருவங்கள் ஆடி, நாற்பது தடவைகள் குவாட்டர்பக்கை வீழ்த்தினார். 1979இல் மரதன் ஓட்டத்தை முழுமையாக ஓடி முடித்தார். ஆடிக்கொண்டிருக்கும் தொழில்முறை வீரர் ஒருவர் அவ்வாறு ஓடியது அதுவே முதற்தடவை. ஓய்வுபெறுவதற்கு முன்னரே மினியாபொலிஸில் வழக்கறிஞராகவும் தொழிலைத் தொடங்கியிருந்தார்.

1985 முதல் மாநிலச் சட்டமா அதிபர் திணைக்களத்தில் பணி. பின்னர் மாநில உயர் நீதிமன்றத்துக்குப் போட்டியிட விரும்பினார். மினசோட்டாவில் நீதியரசர்களை மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்ய வேண்டும் என்பது அரசியலமைப்பு. நடைமுறை வேறு. பதவிக்காலம் முடியுமுன் ஒருவர் விலகுவார், ஆளுநர் தமக்கு உகந்தவரை நியமிப்பார், நியமிக்கப்பட்டவர் தேர்தலில் இலகுவாக வெல்வார். 1992இல் பதவியிலிருந்த நீதியரசர் ஒருவரின் காலத்தை, ஓய்வூதியச் சட்டத்தின் ஏற்பாடொன்றைப் பயன்படுத்தி, ஆளுநர் ஆர்ன் கார்ல்சன் நீடித்தார். ஆகவே தேர்தல் இல்லை. பேஜ் வழக்குத் தொடுத்தார். தாம் அமர விரும்பும் நீதிமன்றத்தின் முன்னாலேயே! உயர் நீதிமன்ற நீதியரசர்கள் விலகிக்கொள்ள, பதில் நீதிபதிகளைக் கொண்ட ஆயம் வழக்கை விசாரித்தது. தேர்தல் நடக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. நவம்பரில் பேஜ் வென்றார். கறுப்பினத்தவர் நூற்றுக்கு இரண்டு பேரளவே வாழ்ந்த மாநிலத்தில், உயர் நீதிமன்றத்தின் முதலாவது கறுப்பின நீதியரசராக 1993 ஜனவரியில் பதவியேற்றார். 1998, 2004, 2010 தேர்தல்களிலும் வென்றார்.

உதைபந்தாட்டப் புகழில் கிடைத்த வாக்குகள் என்று அன்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. புகழ் உதவியது என்பதில் ஐயமில்லை. புகழைக் கொண்டு வருபவர் பின்னர் அந்த ஆசனத்தில் என்ன செய்கிறார் என்பதே கேள்வி. 2008இல் செனற் சபைத் தேர்தலில் அல் பிராங்கனுக்கும் நோம் கோல்மனுக்கும் இடையிலான வித்தியாசம் சில நூறு வாக்குகளாக வந்து நின்று, மறு எண்ணிக்கையும் வழக்கும் எட்டு மாதங்கள் நீண்டன. பிரதம நீதியரசரும் இன்னொருவரும் வாக்குகளைச் சரிபார்த்த சபையில் இருந்தமையால் விலகிக்கொண்டனர். மூத்தவர் என்ற முறையில் பேஜே தலைமை தாங்க நேர்ந்தது. ஐவரும் ஒருமனதாக 2009 ஜூன் 30இல் அளித்த தீர்ப்பால் 312 வாக்குகளால் பிராங்கன் வென்றவரானார். ஒபாமாவின் மருத்துவக் காப்புறுதிச் சட்டமூலம் அந்த ஆண்டு நத்தார் முதல்நாள் செனற்றில் அறுபது வாக்குகளால் நிறைவேறியது. அறுபதும் தேவைப்பட்டன, அவற்றுள் ஒன்று பிராங்கனுடையது. தீர்ப்பை எதிர்த்தவர்களும் அதை வழங்கியவர்களின் நேர்மையைப் பெரிதாகக் குறைகூறவில்லை. கோல்மன் அன்றே தோல்வியை ஏற்றார்.

2015 ஓகஸ்டில், எழுபது வயதில், சட்டப்படி பேஜ் ஓய்வுபெற்றார். அவ்வாண்டைப் பற்றி எழுதும்போது இன்னொரு பெயரையும் சொல்லவேண்டியிருக்கிறது. பிரெட் மக்நீல். 1974 முதல் 1985 வரை வைக்கிங்ஸில் ஆடியவர். நான்கு ஆண்டுகளுக்கு மேல் பேஜின் முதுகுக்குப் பின்னால், இரண்டாம் வரிசையில் நின்றவர். அவரும் ஆடிக்கொண்டே சட்டம் படித்தார், அவரும் மினியாபொலிஸில் வழக்கறிஞரானார். சில ஆண்டுகளில் ஞாபகம் நழுவத் தொடங்கியது. வேலை போயிற்று. தலையில் வாங்கிய எண்ணற்ற மோதல்கள் மூளையைச் சிதைக்கும் நோய் அது. இறந்த பின்னரே உறுதிசெய்யப்படும் அந்நோய், உயிரோடிருந்தபோது எடுத்த மூளைப்படத்தில் அடையாளம் காணப்பட்டு, மரணத்தின் பின் உறுதியான முதல் மனிதர் என்று மருத்துவ சஞ்சிகையில் அவர் இடம்பெற்றார். இறந்தது 2015 நவம்பரில். இன்னொரு தோழரான வொலி ஹில்கன்பேர்க்கின் மூளையிலும், அவர் 2008இல் இறந்த பின், அதே நோய் கண்டறியப்பட்டது. 218 ஆட்டங்கள் ஆடிய பேஜிடம் ஆட்டம் விட்டுச்சென்ற வெளித்தெரியும் அடையாளமோ, செங்கோணமாக வெளியே வளைந்து நிற்கும் ஒரு சுண்டுவிரல். அந்த விரலைப் பற்றியே, ஆசிரியையான மகளோடு சேர்ந்து சிறுவர் நூலொன்றும் 2013இல் எழுதினார். மக்நீல் படிக்காமல் விட்டவர் அல்லர், சோம்பியவரும் அல்லர். இருவரில் ஒருவர் நீதியாசனத்துக்கும் மற்றவர் மறதிக்கும் போனதற்கு முயற்சியில் காரணம் தேட என்னால் முடியவில்லை.

பேஜும் டயானும் 1988இல் தொடங்கிய கல்வி நிதியம், கறுப்பின, சிறுபான்மை மாணவரின் மேற்படிப்புக்கு உதவுகிறது. உதவி பெறும் ஒவ்வொருவரும் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்கிக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பணத்தை விட இந்த நிபந்தனையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. வாசிக்கத் தெரியாத ஒரு பையன் வகுப்பேற்றப்படுமுன், பல்கலைக்கழகம் கண்ட ஒரு கறுப்பின இளைஞன் அவன் அருகில் அமர்ந்திருக்கவேண்டும் என்ற கணக்கு அது. 2020இல், மினியாபொலிஸ் மத்திய வங்கிக் கிளையின் தலைவரும் காஷ்மீரப் பெற்றோரின் மகனுமான நீல் காஷ்காரியுடன் சேர்ந்து, தரமான பொதுக்கல்வியை அடிப்படை உரிமையாக்கும் அரசியலமைப்புத் திருத்தமொன்றை முன்மொழிந்தார். ஆசிரியர் சங்கமே அதை எதிர்த்தது. பழைய சங்கவாதிக்கு அது கசந்திருக்கும்.

அடிமைமுறைக் காலத்தையும் இன ஒதுக்கல் காலத்தையும் சேர்ந்த பொருட்களைத் தம்பதியர் பல ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்தனர். 2018இல் சுப்பர் பௌல் மினியாபொலிஸில் நடந்தபோது, நகர நூலகத்தில் அவற்றை இலவசக் காட்சிக்கு வைத்தனர். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் அதையும் பார்க்கட்டும் என்ற எண்ணம். அவ்வாண்டு செப்ரெம்பரில் டயான் காலமானார். நவம்பரில் ஜனாதிபதி ட்ரம்ப் பேஜுக்குச் சுதந்திரப் பதக்கம் அணிவித்தார்.

அதற்கு முந்திய ஆண்டில் மினியாபொலிஸ் பாடசாலையொன்றின் பெயர் மாறியிருந்தது. அலெக்சாண்டர் ராம்சே என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆளுநரின் பெயர் அதற்கு இருந்தது. டக்கோட்டா பழங்குடியினரை அழிக்கவேண்டும் அல்லது எல்லைக்கப்பால் துரத்தவேண்டும் என்று 1862இல் அறைகூவியவர் அவர். மாணவர்களே முன்னின்று அப்பெயரை நீக்கச் செய்து, நீதியரசர் பேஜின் பெயரைச் சூட்டினார்கள்.

ஒக்டோபரில் நடக்கும் இரட்டை நகர மரதன் ஓட்டப் பாதையின் ஓரத்தில், டியூபாவின் உறவான சூசபோன் என்ற பென்னம்பெரிய பித்தளைக் குழலைத் தோளில் சுற்றிக்கொண்டு, களைத்து வரும் ஓட்டக்காரர்களுக்காக ஊதிக்கொண்டு நிற்கும் உயர்ந்த மனிதரை அந்நகரத்தவர் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கிறார்கள். வாசிப்பு சுமார்தானாம். ஓடுபவர்கள் கையசைத்துவிட்டுப் போவார்கள். அவர்களில் இளையவர்கள் பலருக்கு, இவர் ஒரு காலத்தில் பந்து விளையாடினார் என்பது தெரியாது.